ரசீது கையில் இருக்கிறது, பணம் ‘சிஸ்டத்தில்’ இல்லை

கேள்வி: அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து 2006-இல் ஓய்வு பெற்றார். கைக்கு வந்த பணத்தில் 1,50,000 ரூபாயை வீட்டுப் பக்கத்து வங்கிக் கிளையில் மூன்று வருட பிக்சட் டெபாசிட்டாகப் போட்டிருக்கிறார். அவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது, பழைய ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்த அசல் ரசீது கிடைத்தது. அந்த வங்கி இப்போது வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. கிளைக்குப் போனால், “சிஸ்டத்தில் இல்லம்மா, எப்பவோ குளோஸ் ஆகியிருக்கும். ரசீதை வச்சிட்டுப் போங்க, பார்த்துச் சொல்றோம்” என்கிறார்கள். மூன்று மாதமாக அலைகிறேன். பணம் போனது போனதுதானா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ரசீதைக் கொடுத்துவிட்டு வரவில்லையே? அப்படியானால் பாதிக் கவலை விட்டது. அசலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கலர் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் மட்டும் போட்டுவிடாதீர்கள். நாளைக்குப் பணம் வாங்கும்போது அதன் முதுகில்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

அந்த முதுகைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டெபாசிட்டை முடித்துப் பணம் வாங்குகிறவர் பின்பக்கம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டு, அசலை வங்கியிடம் ஒப்படைப்பதுதான் வழக்கம். ‘டிஸ்சார்ஜ்’ என்பார்கள். உங்கள் ரசீதின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால், பணம் கொடுக்கப்படவில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் அதுவே முடிவும் அல்ல. ரசீது தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து, டூப்ளிகேட் வாங்கிப் பணம் எடுத்தவர்களும் உண்டு. வைத்த இடம் மறந்து போவது அப்பாக்களுக்குப் புதிதா என்ன!

அதனால் சண்டைக்குக் கிளம்பும் முன் அவருடைய பழைய பாஸ்புக்கைத் தேடுங்கள். 2009-இல் டெபாசிட் முதிர்ந்த தேதியை ஒட்டி, ஒன்றரை லட்சமோ அதற்கு மேலோ வரவாகியிருக்கிறதா? அந்த வருடம் வீட்டில் கல்யாணமோ மாடி கட்டியதோ உண்டா? அம்மா இருந்தால் அவரைக் கேளுங்கள். சங்கடமான கேள்விதான். ஆனால் நாளைக்கு வழக்கு என்று போனால், நுகர்வோர் ஆணையத்தின் முன் வங்கியின் வக்கீல் கேட்பதற்கு முன்பே நீங்கள் கேட்டுவிடுவது நல்லது.

அங்கே ஒன்றும் இல்லை என்றால், இனி வாய்ப்பேச்சு வேண்டாம். மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். ரசீது எண், தேதி, தொகை, முதிர்வுத் தேதி எல்லாம் போட்டு மூன்றே விஷயம் கேளுங்கள்: எந்தத் தேதியில் குளோஸ் ஆனது, பணம் எந்தக் கணக்குக்குப் போனது, யார் கையெழுத்தின் பேரில் போனது. ‘குளோஸ் ஆகியிருக்கும்’ என்பது ஊகம். பணம் கொடுத்தாயிற்று என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். கடிதத்தின் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் நகலாக இணையுங்கள்.

இரண்டு சாக்குகள் வரும். ஒன்று, ‘அது பழைய வங்கி’. வங்கிகள் இணையும்போது சொத்தோடு கடனும் சேர்ந்தே போகும். டெபாசிட் என்பது வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். 2020-இல் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியோடு இணைந்தபோது டெபாசிட்டுகளும் அப்படித்தான் போயின. இன்னொன்று, ‘எட்டு வருடத்துக்கு மேல் லெட்ஜர் வைக்க மாட்டோம்’. ஆவணங்களை எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்பதற்கு 1985-ஆம் ஆண்டு விதி இருப்பது உண்மை. ஆனால் பத்து வருடம் யாரும் தொடாத கணக்குகளின் விவரத்தை ஆண்டுதோறும் ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். 2014 முதல் அப்படிப்பட்ட பணம் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்தாரர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போகிறது. 2009-இல் முதிர்ந்து கிடந்த டெபாசிட் என்றால் 2019 வாக்கில் அங்கே போயிருக்க வேண்டும். போனாலும் உங்கள் உரிமை போகாது. வங்கியிடமே கேட்டு வாங்கலாம்.

அதைத் தேட ‘உத்கம்’ என்ற இணையதளத்தை 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி திறந்தது. பெயரை ஒரே மாதிரி போட்டுப் பார்த்துவிட்டு இல்லை என்று மூடிவிடாதீர்கள். ஏழுமலை என்ற பெயரை ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டும் எழுதுவார்கள், ‘இசட் எச்’ போட்டும் எழுதுவார்கள். இனிஷியல் முன்னால், பின்னால், விரித்து எழுதியது என்று எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

கடிதம் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். நம் பக்கத்து ஆட்கள் பலர் ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கிக் கட்டட வாசலில் போய் நிற்கிறார்கள், தேவையில்லை. புகாரை அதன் இணையதளத்திலேயே பதியலாம், அல்லது தபாலில் சண்டிகரிலுள்ள மையத்துக்கு அனுப்பலாம். சந்தேகத்துக்கு 14448. பொதுத்துறை வங்கியாக இருந்தால், கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனுவும் போடுங்கள். கிளையில் வராத பதில் சில சமயம் அதில் வரும்.

கடைசி வழி நுகர்வோர் ஆணையம். வட சென்னைக்கென்று தனி மாவட்ட ஆணையம் இருக்கிறது. உங்கள் தொகைக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. இறந்தவரின் வாரிசும் வழக்குப் போடலாம். இரண்டு வருடக் கெடு உண்டு என்பதால், வங்கி எழுத்தில் மறுக்கும் கடிதத்தைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

வட்டி விஷயத்தில் பெரிய கணக்குப் போட வேண்டாம். ரசீதில் ஆட்டோ ரினியூவல் (முதிர்ந்ததும் தானாகவே புதுப்பிப்பது) என்று இருந்தால் வேறு கதை. இல்லையென்றால் முதிர்வுக்குப் பிறகு சேமிப்புக் கணக்கு வட்டி அளவுக்குத்தான் எதிர்பார்க்கலாம். விழிப்புணர்வு நிதிக்குப் போன பணத்துக்கு 2021 மே முதல் ஆண்டுக்கு 3 சதவீதம்.

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்ற பணம் 18,500 ரூபாயை டெபாசிட் மெஷினில் போட்டேன். பணத்தை இழுத்துக்கொண்டது, கணக்கில் ஏறவில்லை. ஒரு நாளைக்கு 100 ரூபாய் அபராதம் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: ஏடிஎம்மில் கணக்கில் கழிந்தும் பணம் வெளியே வராதபோது, 5 நாளுக்குள் திரும்பி வராவிட்டால் கிடைப்பது அந்த 100 ரூபாய். போட்ட பணத்துக்கு அதை நம்பாதீர்கள். அன்றைக்கே புகார் எண் வாங்குங்கள். மெஷின் எண், நேரம், எத்தனை 500 ரூபாய் நோட்டு என்று எழுதிக் கொடுங்கள். மெஷினைத் திறந்து எண்ணும்போது 18,500 கூடுதலாக இருக்கும், அந்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். கேமரா பதிவை எடுத்து வைக்கச் சொல்லி அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாளானால் அழிந்துவிடும்.