பக்கத்து வீட்டுப் பிள்ளை தவழ்கிறான், என் பிள்ளை இன்னும் இல்லை

இம்முறை வந்த கேள்விகள் எல்லாவற்றிலும் ஒரே பயம்தான்: பிள்ளை அந்தந்த மாதத்தில் செய்யவேண்டியதைச் செய்யவில்லை. எத்தனையாம் மாதம் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பயம் கூடும். போன மாதத்தைவிட இந்த மாதம் என்ன புதிதாகச் செய்கிறது, இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே மாதிரி அசைகின்றனவா என்று பாருங்கள். நான் ஒவ்வொரு பிள்ளையிலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

என் மகளுக்கு 10 மாதம். இருத்திவிட்டால் நல்லாக இருப்பாள், சாமானைக் கை மாற்றிப் பிடிப்பாள். ஆனால் தவழவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை இவளுக்கு 12 நாள் இளையவன், வீடு முழுக்கத் தவழ்ந்து திரிகிறான். மாமி ஒவ்வொரு நாளும் சொல்லிக்காட்டுகிறார். நான் எந்நேரமும் தூக்கி வைத்திருந்ததாலா? (நிலாவெளி)

உங்கள் பிழை ஒன்றுமில்லை, தங்கச்சி. இந்தப் பதிலை மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, ஓமான், கானா, நோர்வே, அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் சுகமான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006 இல் அளவுகளை வெளியிட்டது. அதன்படி ஒரு பிள்ளை 5 மாதம் கழியவும் தவழலாம், 13 மாதம் தாண்டியும் தவழலாம். பிடிக்காமல் நடப்பது 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை எப்போதும் வரலாம். 100 பிள்ளைகளில் 4 பேர் முழங்காலில் தவழவே இல்லை. அவர்களும் எழும்பி நடந்தார்கள். இருந்தபடியே அரக்கி அரக்கிப் போகும் பிள்ளைகளும் உண்டு. சிலவேளை தாயோ தகப்பனோகூடச் சின்ன வயதில் அப்படிப் போயிருப்பார்கள், அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் நடக்கவும் கொஞ்சம் பிந்தும்.

தவழ்வதைவிட எனக்கு முக்கியம், யாரும் பிடிக்காமல் பிள்ளை தானாக உட்கார்ந்திருப்பது. 9 மாதம் கடந்தும் அது வராவிட்டால்தான் நான் யோசிப்பேன். உங்கள் மகள் அதைச் செய்கிறாள். பாயை விரித்து, விழித்திருக்கும் நேரங்களில் குப்புற விடுங்கள். அவளுக்கு விருப்பமான சாமானைக் கை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, நீங்களும் எதிரே படுத்துக் கூப்பிடுங்கள். அழுதால் தூக்குங்கள், பிறகு மறுபடி விடுங்கள்.

நிற்க வைத்துப் பிடிக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே விறைத்துப் போனாலோ, பிள்ளையைத் தூக்கும்போது கையில் துணி மாதிரித் துவண்டாலோ அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்திருக்க வேண்டாம்.

மகன் 32 வாரத்தில் பிறந்தான். இப்போது 8 மாதம். இருத்தினால் முன்னுக்குச் சரிந்து விழுகிறான். (உப்புவெளி)

40 வாரத்தில் பிறக்கவேண்டியவன் 8 வாரம் முந்தி வந்திருக்கிறான். அந்த 8 வாரத்தைக் கழியுங்கள்: வளர்ச்சிக்கணக்கில் அவனுக்கு வயது 6 மாதம். 6 மாதப் பிள்ளை கையை ஊன்றி, ஆடிச் சரிந்து இருப்பது வழமைதான். இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக்கூடாது, அது பிறந்த திகதிப்படிதான். மாதம் முந்திப் பிறந்த பிள்ளைகளைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கவேண்டும் என்பதால், அவனுக்குத் தந்த கிளினிக் திகதிகளில் ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

எண்ணெய் பூசி உருவிவிட்டால் கால் பலக்குமா? (பாலையூற்று)

மெதுவாகப் பூசித் தடவுவது பிள்ளைக்கு இதம், உங்களுக்கும் நல்லது. ஆனால் அதனால் நடை முந்தி வராது. கைகாலை இழுத்து முறிப்பது, தலைகீழாகப் பிடிப்பது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது மூன்றும் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

என் மகளுக்கு 7 மாதம். எதை நீட்டினாலும் வலது கையாலேயே வாங்குகிறாள். இடது கை பெரும்பாலும் பொத்தியபடியே இருக்கும். "வலக்கைப் பிள்ளை, நல்லதுதானே" என்று உம்மா சொல்கிறார். (கிண்ணியா)

சகோதரி, இம்முறை வந்த கேள்விகளில் என் மனதில் நின்றது உங்களுடையதுதான். முதல் வயதுக்குள் பிள்ளைக்கு வலக்கை, இடக்கை என்று ஒரு விருப்பம் இருக்காது. இரண்டு கையாலும் எட்டிப் பிடிக்கவேண்டும். ஒரு கையை மட்டும் பாவிக்கிறாள் என்றால் மற்றக் கைக்கு ஏதோ தடை இருக்கிறது. பிறக்கும்போது தோள் நரம்பு இழுபட்டிருக்கலாம். மூளையின் ஒரு பக்கத்தில், கருவிலோ பிறந்த வேளையிலோ, சிறிய பாதிப்பு ஏற்பட்டிருக்கலாம். பார்க்காமல் என்னால் இதுதான் என்று சொல்ல முடியாது. பார்க்கவேண்டியது நிச்சயம்.

இந்தக் கிழமையே போங்கள். மிட்வைஃபிடம் சொன்னால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) வழியாகக் கடிதம் தருவார். இல்லாவிட்டால் நேரே திருகோணமலை ஆஸ்பத்திரியில் குழந்தை வைத்தியரைக் காட்டலாம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன்னர், 'பாதை' என்ற கடத்துப் படகுக்குக் காத்துநின்று பிள்ளையை ஏந்திக்கொண்டு வந்த தாய்மாரை நான் அறிவேன். பிந்திவிட்டோம் என்று அவர்கள் அழுததும் நினைவிருக்கிறது. நீங்கள் பிந்தவில்லை. 7 மாதத்தில் மூளை இன்னும் வேகமாகப் பழகிக்கொள்ளும் பருவத்தில் இருக்கிறது. பலம் குறைந்த கையை விளையாட்டின் வழியே வேலைசெய்ய வைக்கும் பயிற்சியை இப்போதே தொடங்கினால் பலன் கூட.

உம்மாவிடம் கோபிக்க வேண்டாம். நல்லது நடக்கவேண்டும் என்ற ஆசையில்தான் அப்படிச் சொல்கிறார்.

மகனுக்கு 14 மாதம், பிடித்துப் பிடித்து நடக்கிறான். அப்பம்மா கடற்கரை மணலில் கிடங்கு வெட்டி இடுப்பளவு இறக்கி வைத்தால் கால் உறுதிப்படும் என்கிறார். வோக்கரும் வாங்கி வைத்திருக்கிறோம். (திருக்கடலூர், தந்தை)

கிடங்கு வேண்டாம், தம்பி. மணல் இறுக்கிப் பிடித்திருக்கும்போது காலுக்கு வேலையே இல்லை, வேலை செய்யாத தசை எப்படிப் பலக்கும்? வெயிலில் சுட்ட மணல் பிஞ்சுத் தோலைப் பொசுக்கும். அதே மணலில் மாலை நேரம் வெறுங்காலோடு உங்கள் விரலைப் பிடித்து நடக்கவிடுங்கள். கால் புதையப் புதைய எடுத்துவைப்பது நல்ல பயிற்சி.

வோக்கரைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். அதில் பிள்ளை நுனிக்காலால் உந்தித் தள்ளுகிறதே தவிர, நிலை பிடிக்கப் பழகுவதில்லை. படியில் உருண்டும் அடுப்படிக்கு ஓடிப்போயும் பிள்ளைகள் காயப்படுவதால் கனடா 2004 இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. பாரமான கதிரையொன்றைத் தள்ளிக்கொண்டு நடக்கவிட்டாலே போதும்.

7 மாதத்தில் தானாக உட்கார்ந்திருந்த பிள்ளை, இப்போது 9 மாதத்தில் உட்காரமாட்டாமல் சரிகிறாள். முன்போல் சிரிப்பதும் குறைவு. (மூதூர்)

இன்றைக்கே கொண்டுபோங்கள். பிந்தி வருவது வேறு, வந்தது போய்விடுவது வேறு. தலை திடீர் திடீரென்று முன்னுக்குக் குனிந்து கைகள் வெட்டி விரிகின்றனவா என்றும் கவனித்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மகனுக்கு 19 மாதம். எழும்பி நிற்பான், நடக்கவில்லை. என் தம்பியும் பிந்தித்தான் நடந்தானாம். (தம்பலகாமம்)

தம்பியின் கதை உண்மையாக இருக்கலாம். ஆனாலும் 18 மாதம் என்பது நான் கோடு போடும் இடம், அதைத் தாண்டினால் காட்டியே ஆகவேண்டும். காட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளைகள் நிறையப்பேர்.

இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா, இரத்தச்சோகை உண்டா, தைரொயிட் குறைவா என்று பார்ப்பார்கள். பிறந்தபோது குதிக்காலில் குத்தி எடுத்த இரத்தத்தின் முடிவு என்னவென்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். ஆண் பிள்ளை என்பதால் தசைநோய் இல்லையென்று உறுதிப்படுத்த ஓர் இரத்தப் பரிசோதனையும் கேட்கலாம். 'சி.கே.' என்று சொல்வார்கள், பெரிய செலவில்லை. நீங்களும் கணவரும் சொந்தத்தில் கலியாணம் முடித்தவர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

போகும்போது நீலக் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்திலிருந்து அவன் எழும்பும் விதத்தை ஃபோனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் புதுமுகங்களைக் கண்டு அழும்போது எந்தப் பிள்ளையும் எழும்பிக் காட்டமாட்டான்.