ஆஸ்டியோபதி செய்துகொள்ளலாமா?

கேள்வி: லண்டனில் மளிகைக் கடையில் வேலை செய்கிறேன், வயது 44. அரிசி மூட்டை தூக்கித் தூக்கி இரண்டு மாதமாக இடுப்பு வலி. ஆஸ்டியோபதி பார்க்கச் சொல்கிறார் முதலாளி. அவர்கள் எலும்பு டாக்டர்களா? முதுகை முறித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பெயரில் ‘ஆஸ்டியோ’ இருப்பதால் எலும்பு டாக்டர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874-இல் தொடங்கிய முறை இது. அங்கே ஆஸ்டியோபதி படித்தவர்கள் மருந்து எழுதவும் அறுவை சிகிச்சை செய்யவும் உரிமையுள்ள முழு மருத்துவர்கள். நீங்கள் இருக்கும் பிரிட்டனில் அப்படியில்லை. அங்கே இது தசை, மூட்டு வலிகளுக்குக் கைகளால் செய்யும் சிகிச்சை. ஆனால் 1993 சட்டப்படி, ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. பெரும்பாலும் கைக்காசுதான் செலவாகும். எனவே போகுமுன் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் நாள் முக்கால் மணி நேரமாவது ஆகும். அதில் பாதி பேச்சிலேயே போகும். வலி எப்போது கூடுகிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலோ, எலும்பு மெலிவு இருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டுக் குனியச் சொல்வார்கள். கூச்சமாக இருந்தால் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அப்புறம் படுக்கவைத்துத் தசையை அழுத்தி, காலை மடக்கி நீட்டி, மூட்டை மெல்ல அசைப்பார்கள். சிலசமயம் சட்டென்று ஒரு தள்ளு. ‘மளுக்’ என்று கேட்கும். எலும்பு முறியவும் இல்லை, விலகியது இடத்தில் உட்காரவும் இல்லை. நெட்டி முறிக்கும்போது விரலில் கேட்குமே, அதே சத்தம்தான்: மூட்டுத் திரவத்திலுள்ள வாயுவால் வருவது. அந்தத் தள்ளு வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வேறு வழியில் செய்வார்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்புவதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. அபூர்வமாகத்தான் என்றாலும், ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. நம்மூர் சலூனில் தலையைப் பிடித்துத் திருப்புவதற்கும் இதையேதான் சொல்வேன்.

ஒன்றிரண்டு நாள் உடம்பு அடித்துப்போட்டாற்போல் வலிக்கலாம், அது அடங்கிவிடும். உங்களுடையது போன்ற இடுப்பு வலிக்குப் பலன் உண்டு, ஆனால் ஓரளவுதான். உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் மட்டுமே கைச்சிகிச்சை என்கிறது பிரிட்டனின் 2016 மருத்துவ வழிகாட்டுதல். பயிற்சி சொல்லித்தராமல் வாராவாரம் வரச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். மூன்று நான்கு முறை போயும் மாற்றமில்லையா, நிறுத்திவிட்டு உங்கள் ஜிபியை, அதாவது குடும்ப டாக்டரைப் பாருங்கள். ஆஸ்துமாவும் தீரும், கைக்குழந்தையின் வயிற்றுவலியும் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கெல்லாம் நல்ல ஆதாரம் கிடையாது.

காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் ஜிபிதான். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, அடக்க முடியாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் வலுவிழந்தாலோ, அது முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலுள்ள நரம்புக்கொத்து நசுங்குவதாக இருக்கலாம். ராத்திரி இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.