பட்டமரமும் காடுதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நண்பர் குழு ஓய்வு நாட்களில் மரக்கன்று நடுகிறது. பழங்காட்டை வெட்டினாலும் பத்து மடங்கு நட்டு ஈடுகட்டிவிடலாம் என்கிறார்கள் சிலர். கிழட்டு மரம் வளராதாம், இளமரம்தான் கார்பனை உறிஞ்சுமாம். பட்டுப்போன மரங்கள் விழுந்து கிடக்கும் காட்டைக் காத்து என்ன பயன் என்றும் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?

ச.

அன்புள்ள ச.,

நடுங்கள். காடு அழிந்த நிலத்தில் அந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டு, சில கோடைகள் உடனிருந்து பார்த்துக்கொண்டால் நல்ல வேலைதான். இயற்கையான புல்வெளியில் மட்டும் நடாதீர்கள். பத்து மடங்குக் கணக்குக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. கிழட்டு மரம் வளராது என்பது தவறு: 403 வகை மரங்களை ஆராய்ந்து 2014இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, பெரும்பாலான வகைகளில் மரம் பருக்கப் பருக்க அது ஆண்டுதோறும் சேர்க்கும் கார்பனும் கூடுவதைக் காட்டியது. சரி, அது போகட்டும்.

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக என் மனதில் பட்டமரங்களே நிற்கின்றன. ஒரு பழங்காட்டில், விழுந்து மட்கிய பெருமரத்தின் முதுகில் கன்றுகள் வரிசையாக முளைத்திருந்ததைப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் மரம் பஞ்சாக உள்வாங்கியது, கோடையிலும் ஈரம். அதை யார் நட்டது?

நின்றபடி பட்ட மரத்தில் மரங்கொத்தி துளையிடும். அது விட்டுப்போன துளையில் ஆந்தையோ அணிலோ குடியேறும். பட்டைக்கடியில் வண்டுப் புழுக்கள், வௌவால்கள். இருவாச்சிப் பறவைக்குச் சொந்தமாகப் பொந்து குடையத் தெரியாது. பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் சிறு இடுக்கு வழியே இரை ஊட்டும். அவ்வளவு பெரிய பறவைக்கு இடம்தரும் பொந்து முதிர்ந்த பெருமரத்தில்தான் அமையும். உங்கள் கன்றில் அது விழ எத்தனை தலைமுறை ஆகும்?

போலந்தின் பியாவோவியேஜா காட்டில் 2016இல், பட்டைக்கடியில் துளைத்து மரத்தைப் பட்டுப்போகச் செய்யும் பட்டைவண்டைக் காரணம் காட்டி மரம் வெட்டும் அளவைக் கூட்டினார்கள். பட்டுக்கொண்டிருக்கும் மரங்களை நம்பித்தான் வெண்முதுகு மரங்கொத்தியும் மூவிரல் மரங்கொத்தியும் அங்கே வாழ்கின்றன. அந்த வெட்டு சட்டமீறல் என்று 2018இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் ஏராளமான மரங்கள் போய்விட்டன.

உங்கள் நண்பர்களிடம் கோபமாகவே சொல்லுங்கள்: காட்டைப் பெருக்கித் துடைக்க அது வீட்டு முற்றமல்ல. விழுந்த மரத்தை விழுந்த இடத்திலேயே விடுங்கள். வெட்டக் குறித்த பழங்காடு எங்காவது இருந்தால், அடுத்த ஓய்வு நாளில் மண்வெட்டியை வைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்து ஆட்சேபனை மனு எழுதுங்கள்.

அன்புடன்.