டி.பி. மாத்திரையும் வாட்ஸ்அப் ஆடியோவும்: வாசகர் கேள்வி பதில்

என் கணவருக்கு நுரையீரல் டி.பி. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இருமல் நின்று, எடையும் ஏறிவிட்டது. தெருக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஓர் ஆடியோ வந்தது. ‘டி.பி. கிருமி என்பது கட்டுக்கதை, வெறும் சத்துக்குறைவுதான். மாத்திரை ஈரலை அரிக்கும், சிறுநீர் சிவப்பாகப் போவதே சாட்சி. ஒரு மண்டலம் முட்டை, ஆட்டுக்கால் சூப், கஷாயம் போதும்’ என்கிறார்கள். ஒன்பது நாளாக மாத்திரையை விட்டுவிட்டார்.
– ஒரு வாசகி, வியாசர்பாடி

இன்றே அவரை மாத்திரை வாங்கிய மாநகராட்சி சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். எத்தனை நாள் விட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சளியைப் பரிசோதித்து, எங்கிருந்து தொடர்வது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். விட்ட நாளுக்கு ஈடாக இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்துப் போடக் கூடாது. சளி கொடுக்கும்போது காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமித் துப்ப வேண்டும். வெறும் எச்சிலைக் கொடுத்தால் கிருமி இருந்தாலும் தெரியாமல் போகலாம்.

சிறுநீர் நிறத்துக்குக் காரணம் டி.பி. மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின். அந்த மருந்தே செங்கல் நிறம். வியர்வை, கண்ணீரிலும் இறங்கும், வெள்ளை பனியன்கூடக் கறைபடும். கெடுதல் இல்லை. ஆனால் இம்மாத்திரைகள் சிலருக்கு ஈரலைப் பாதிப்பது உண்மை. அதைச் சிறுநீரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, கண்ணைப் பாருங்கள். வெள்ளை விழி மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் சோறே பிடிக்காமல் போனாலோ, அன்றே மாத்திரையை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். பார்வை மங்கினாலும், சிவப்பு பச்சை பிரித்தறியத் தடுமாறினாலும் சொல்ல வேண்டும். அது கூடவே தரும் எத்தாம்ப்யூட்டால் என்ற மருந்தின் வேலை. கால் மரத்துப்போனால் பி6 வைட்டமின் மாத்திரை தருவார்கள்.

இருமல் நின்றதுதான் இதில் பெரிய ஏமாற்று. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே செத்துவிடும், நோயாளி தேறிவிடுவார். மந்தமாகப் பதுங்கிக் கிடப்பவற்றைக் கொல்லத்தான் மீதி நான்கு மாதம். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகளே மிஞ்சிப் பெருகும். அப்புறம் மருந்தும் கடுமை, செலவும் கூடுதல்.

சத்துணவு விஷயத்தில் ஆடியோ பாதி உண்மை பேசுகிறது, ஆபத்தே அதில்தான். கிருமியை 1882-லேயே ராபர்ட் காக் கண்டுபிடித்துவிட்டார். ‘சாப்பாடா, மருந்தா’ என்ற கேள்விக்கோ நம் ஊரே பதில் சொன்னது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள டி.பி. ஆராய்ச்சி மையம் 1956-ல் தொடங்கிய ஆய்வில், ஒரு பிரிவினர் சானடோரியம் என்ற டி.பி. மருத்துவமனையில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தார்கள். மற்றவர்கள் நெருக்கடியான வீடுகளில், குறைந்த உணவோடு இருந்தார்கள். இருதரப்புக்கும் ஒரே மருந்து. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. அண்மையில் ஜார்க்கண்டில் நடந்த ஆய்வில், நோயாளி வீட்டாருக்கு உணவு கொடுத்ததால் புதிதாக டி.பி. வருவது நன்றாகவே குறைந்தது. அங்கும் நோயாளிகள் மாத்திரையை நிறுத்தவில்லை. முட்டையும் சூப்பும் தாராளமாகக் கொடுங்கள், மாத்திரையோடு. சிகிச்சைக் காலத்தில் அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. வராவிட்டால் 1800-11-6666 எண்ணில் கேளுங்கள்.

எங்கள் குடும்பக் குரூப்பில் இப்படிப்பட்ட ஆடியோக்களைப் போடுவது என் சித்தப்பா. குரூப்பிலேயே மறுத்துப் பேசலாமா?
– ஒரு வாசகர், காசிமேடு

வேண்டாம். பத்துப் பேர் முன்னால் தப்பென்றால் பெரியவர்கள் இன்னும் விடாப்பிடியாக நிற்பார்கள். தனியாகப் போன் போடுங்கள். “பேசறவர் யாரு சித்தப்பா? இதை நம்பி மாத்திரையை விட்டவங்களுக்கு ஆறு மாசம் கழிச்சு சளி டெஸ்ட் எடுத்தாரா?” என்று மட்டும் கேளுங்கள். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அனுப்பியவருக்கே மூலம் தெரியாது என்பதையும் காட்டுங்கள். குரூப்பில் நீங்கள் போட வேண்டியது அரை நிமிட வாய்ஸ் மெசேஜ். அதில் பொய்யைத் திரும்பச் சொல்லாமல், “டி.பி. மாத்திரையை டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க, கண் மஞ்சளானா உடனே போங்க” என்று நேராகத் தொடங்குங்கள். கேலி செய்வதற்காகக்கூட அந்தப் பழைய ஆடியோவை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.