பான்வில் அணை: கப்பலுக்கு எவ்வளவு தண்ணீர், மீனுக்கு எவ்வளவு?

அமெரிக்காவில் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களுக்கு நடுவே கொலம்பியா ஆறு ஓடுகிறது. அதில் போர்ட்லாண்டுக்குக் கிழக்கே சுமார் 65 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பான்வில் அணை. 1937இல் அதிபர் ரூஸ்வெல்ட் வந்து தொடங்கி வைத்தார். மின்சாரம், படகுப் போக்குவரத்து இரண்டும் அங்கே உண்டு; படகுகளை அணைக்கு மேலே ஏற்றுவது ‘லாக்’ என்ற அமைப்பு. இதைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளில் சில:

சார், அத்தனை பெரிய படகை மேலே தூக்க எவ்வளவு பெரிய மோட்டார் வைத்திருக்கிறார்கள்?

தூக்குவதற்கு மோட்டாரே கிடையாது. லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த கான்கிரீட் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேல்பக்க வால்வைத் திறப்பார்கள். அணைக்கு மேலே நிற்கும் தண்ணீர் தானாக இறங்கி வந்து தொட்டியை நிரப்பும், படகும் கூடவே உயரும். கயிறு கட்டும் முளைகூட சுவரிலுள்ள பள்ளத்தில் மிதந்தபடி மேலே வரும். இல்லையென்றால் ஏறும்போது யாராவது கயிற்றை இழுத்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் மின்சாரத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் வீணாகிறதே, அண்ணா?

கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. தொட்டி 675 அடி நீளம், 86 அடி அகலம். ஏற்றம் சுமார் 60 அடி. ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட 10 கோடி லிட்டர். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் கொலம்பியாவில் சராசரியாக விநாடிக்கு 5,000 கனமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஆக, ஆறு சுமார் 20 விநாடியில் கொண்டுவரும் தண்ணீர்தான் அது.

உண்மையான இழுபறி மீனோடுதான். கடலிலிருந்து முட்டையிட வரும் சால்மன் மீன்கள் ஏற, படிப்படியாகத் தண்ணீர் இறங்கும் ஏணி கட்டியிருக்கிறார்கள். கண்ணாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சினூக், சாக்கை, ஸ்டீல்ஹெட் என்று இனம் பிரித்து எண்ணுகிறார்கள். ஏறுவதைவிடக் குஞ்சுகள் கடலுக்கு இறங்குவதுதான் சிக்கல். மின்சாரத்துக்காகச் சுழலும் டர்பைனில் அகப்படாமல் போவதற்காக, வசந்தத்திலும் கோடையிலும் தண்ணீரில் ஒரு பகுதியை மின்நிலையத்துக்கு விடாமல் மதகு வழியே கொட்டுகிறார்கள். அதற்காக அளவில்லாமல் கொட்டவும் முடியாது; காற்று அதிகமாகக் கரைந்து அதுவே மீனுக்கு நோய் தரும். எவ்வளவு கொட்டுவது என்று பல ஆண்டுகளாகக் கோர்ட்டில் வழக்கு. என் கணக்கில் படகைக் குறை சொல்வது நியாயமில்லை.

வெள்ளம் வந்தால் இந்த அணை பிடித்து வைக்குமா?

பெரிதாக இல்லை. வருவதை ஓடவிட்டே மின்சாரம் எடுக்கும் அணை இது. தேக்கி வைக்கும் வேலை ஆற்றின் மேலே கிராண்ட் கூலி போன்ற அணைகளுக்கு.

லாக்கை ஏன் புதிதாகக் கட்டினார்கள்?

பழையது 500 அடி நீளம், 76 அடி அகலம்தான். மேலே பிறகு கட்டிய அணைகளில் எல்லாம் சுமார் 675-க்கு 86. அதனால் சேர்த்துக் கட்டிய பார்ஜ்களை (தட்டையான சரக்குப் படகுகளை) இங்கே மட்டும் பிரித்து, தவணை தவணையாக ஏற்றி, மறுபடி பிணைக்க வேண்டியிருந்தது. வரிசை கட்டி நின்றன. 1993இல் புதியது திறந்ததும் தீர்ந்தது. ஐடஹோவின் லூயிஸ்டன் வரை 8 லாக். கோதுமை இந்த வழியாகவும் கடலுக்கு வருகிறது.

சின்னப் படகில் போனால் விடுவார்களா? எவ்வளவு கட்டணம்?

விடுவார்கள், கட்டணம் இல்லை. ஆனால் சரக்குப் படகுக்குத்தான் முன்னுரிமை. உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு, சொல்கிற நேரம் வரை காத்திருங்கள்.