கணக்கியல் படிக்க வெளிநாடு செல்பவர்கள், படிப்பின் பகுதியாக நிறுவனங்களையும் வரலாற்று இடங்களையும் நேரில் பார்ப்பதால் உண்மையில் பயன் உண்டா?

"கணக்கியல் உட்கார்ந்த இடத்திலேயே படித்து முடிக்கக்கூடிய படிப்பு; அதற்கு இத்தாலிக்குப் பத்து நாள் களப்பயணம் என்று ஒரு பல்கலைக்கழகம் தனியாகப் பணம் கேட்பது நியாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாமல் விட்டதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. பி.காம். முடித்திருப்பீர்கள், சேர்க்கைக் கடிதம் வந்திருக்கும், கட்டண விவரத்தின் கடைசி வரியில் இருக்கும் அந்தத் தொகையை வீட்டில் எப்படி விளக்குவது என்று தெரியாமல் இரண்டு நாளாகத் தூக்கம் இல்லாமல் இருப்பீர்கள். நான் அதே வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் சி.ஏ. இடைநிலைத் தேர்வில் இரண்டு முறை தோற்றவன். "தேர்வில் தேறாதவன் ஊர் சுற்றியதைப் பெருமையாக எழுதுகிறான்" என்று கருத்துப் பெட்டியில் யாராவது எழுதத்தான் போகிறார்கள், எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பயணத்தால் எனக்கு வேலை கிடைத்தது என்றும் நான் சொல்லவில்லை. அதன் பிறகு நான் சென்ற எந்த நேர்முகத் தேர்விலும் அதைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. நான் சொல்ல வருவது அதைவிடச் சிறிய விஷயம். கணக்கியல் விதிகளை நான் பதினோராம் வகுப்பிலிருந்து மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒவ்வொரு விதியும் யாருடைய எந்தத் தில்லுமுல்லுக்குப் பயந்து எழுதப்பட்டது என்பது அந்தப் பத்து நாட்களில்தான் தெரிந்தது.

என் அப்பா விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் முப்பது ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சிட்டை (அன்றாடக் குறிப்பேடு), பேரேடு (ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாக எழுதும் ஏடு), ஐந்தொகை (சொத்து, கடன் நிலையைக் காட்டும் பட்டியல்) என்ற சொற்கள் பாடப்புத்தகத்துக்கு முன்பே எனக்கு வீட்டில் அறிமுகமானவை. ஆனால் கல்லூரிக்குப் போனதும் அந்தச் சொற்களை நான் கொஞ்சம் வெட்கத்தோடு ஒதுக்கிவைத்தேன். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494இல் லூக்கா பாச்சோலி என்ற இத்தாலியர் கண்டுபிடித்தார் என்று எங்கள் ஆசிரியர் சொன்னதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அது தவறு என்பதை நான் தெரிந்துகொண்டதே இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. சேர்ந்த பிறகுதான். ஜெனோவா நகராட்சியின் 1340ஆம் ஆண்டுக் கணக்கேடுகளிலேயே இரட்டைப் பதிவு இருக்கிறது. பாச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி, கணித ஆசிரியர். வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே கடைப்பிடித்த முறையைத் தன் பெரிய கணித நூலின் ஒரு பகுதியாக எழுதி அச்சேற்றினார், அவ்வளவுதான்.

2023 மார்ச்சில் மிலானில் இறங்கினோம். முதல் நாள் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். கண்ணாடிக் கட்டடம், நல்ல காபி, இரண்டு மணி நேரம் திரையில் படங்கள், கடைசியில் "எங்களிடம் வேலைக்கு விண்ணப்பியுங்கள்" என்ற அறிவிப்பு. ஒரு தணிக்கைக் கோப்பையும் கண்ணில் காட்டவில்லை. இத்தாலிய மொழி தெரியாதவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்பதை எங்களில் ஒருவர் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். களப்பயணத்தைக் குறை சொல்பவர்கள் இப்படிப்பட்ட நாளைத்தான் மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள் என்றால் நானும் அவர்கள் பக்கம்தான்.

மறுநாள் பேருந்தில் தெற்கே போகும்போது பார்மா என்ற இத்தாலிய நகரைக் கடந்தோம். நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் பேருந்திலேயே எங்கள் பேராசிரியர் ஒலிவாங்கியை எடுத்துப் பார்மலாட் கதையைச் சொன்னார். பார்மாவுக்கு அருகே கொல்லெக்கியோ என்ற சிற்றூரில் தலைமையகம் வைத்திருந்த பால் நிறுவனம் அது. கேமன் தீவுகளில் உள்ள அதன் துணை நிறுவனத்தின் பெயரில், பேங்க் ஆஃப் அமெரிக்காவில் 395 கோடி யூரோ இருப்பதாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள். அப்படி ஒரு கணக்கே இல்லை, ஆதாரமாகக் காட்டப்பட்ட கடிதம் போலியானது என்பது 2003 டிசம்பரில் வெளிவந்தது. வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதத்தைத் தணிக்கையாளர் தாமே அனுப்பி, பதிலை வங்கியிடமிருந்து தாமே நேரடியாகப் பெற வேண்டும் என்று நான் படித்த விதிக்கு அன்றுதான் ஒரு முகம் கிடைத்தது. சென்னையில் பயிற்சிக் காலத்தில், வாடிக்கையாளரின் குமாஸ்தா கொண்டுவந்து கொடுத்த வங்கிக் கடிதங்களை உறையைக்கூடப் பார்க்காமல் கோப்பில் சேர்த்தவன் நான். பேருந்து சன்னலோரம் உட்கார்ந்து அதை நினைத்தபோது உடம்பு கூசியது.

ஃபுளோரன்ஸுக்கு அருகே உள்ள பிராட்டோவில்தான் இந்தப் பயணம் எனக்கு உண்மையில் தொடங்கியது. அங்கே பிரான்செஸ்கோ தாத்தினி என்ற வணிகர் வாழ்ந்த மாளிகை இன்று அரசு ஆவணக் காப்பகமாக இருக்கிறது. அவர் 1410இல் இறந்தார். சட்டப்படியான பிள்ளை இல்லாததால் சொத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்கான அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். கணக்கேடுகளையும் கடிதங்களையும் வீட்டிலேயே பாதுகாக்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அவை பிற்பாடு மறக்கப்பட்டு, 1870இல் மாடிப்படிக்கு அடியில் மூட்டைகளாகக் கண்டெடுக்கப்பட்டன. ஏறத்தாழ 1,50,000 கடிதங்கள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட கணக்கேடுகள். அவினியோன், பீசா, ஜெனோவா, பார்சிலோனா, வலென்சியா, மயோர்க்கா என்று பல ஊர்களில் கிளை வைத்திருந்த மனிதர், பங்குதாரர்களை ஆண்டுக்கணக்கில் நேரில் பார்க்காமல் தாளிலேயே வேலை வாங்கியிருக்கிறார்.

காப்பக அலுவலர் ஒரு பேரேட்டை மெத்தை போன்ற தாங்கியில் வைத்து விரித்தார். இத்தாலிய மொழி எனக்குத் தெரியாது, எழுத்தும் புரியவில்லை. ஆனால் தாத்தினியின் ஏடுகளில் முதலில் வரும் வாசகம் "கடவுளின் பெயராலும் லாபத்தின் பெயராலும்" என்று அவர் விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மண்டியில் புதுக்கணக்கு போடும் நாளில் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே "லாபம்" என்று எழுதிவிட்டுத்தான் அப்பா முதல் வரவை எழுதுவார். இங்கே ஒரு எச்சரிக்கை: இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றோ, நம்மிடமிருந்துதான் அவர்கள் கற்றார்கள் என்றோ நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்லும் வாட்ஸாப் அறிஞர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். நம்மிடமிருந்து உறுதியாகப் போனது எண்கள். பீசாவைச் சேர்ந்த கணித அறிஞர் ஃபிபொனாச்சி 1202இல் எழுதிய நூலில் அவற்றை இந்தியர்களின் எண்கள் என்றே குறிப்பிடுகிறார். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. எளிதில் திருத்தி மோசடி செய்யலாம் என்று பயந்து, 1299இல் ஃபுளோரன்ஸின் நாணய மாற்று வணிகர் சங்கம் கணக்கேடுகளில் அந்த எண்களைப் பயன்படுத்தத் தடை விதித்தது. காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் நாம் எழுதும்போது பின்னால் நிற்பது அதே பயம்தான்.

அன்று மாலை அந்தப் பேரேட்டின் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். கடவுள், லாபம் பற்றியெல்லாம் நீளமாக எழுதியிருந்தேன். அவர் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அதெல்லாம் சரிப்பா, ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் போட்டிருக்கானான்னு பாத்தியா?" நான் பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூலையில் எண் இருந்தது. மறுநாள் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் பேருந்தை விட்டு இறங்குவதற்குள் பாச்சோலியின் ஏழாம் அத்தியாயத்தை எடுத்து நீட்டினார். கணக்கேடுகளை வணிக அதிகாரியிடம் எடுத்துச் சென்று, இதில் இத்தனை தாள்கள் உள்ளன, இன்னார் எழுதுவார் என்று பதிவுசெய்து முத்திரை வாங்கும் வழக்கம் பெருஜா நகரில் இருந்ததைப் பாச்சோலி அதில் குறிப்பிடுகிறார். பிறகு ஒரு தாளைக் கிழித்தாலோ செருகினாலோ தெரிந்துவிடும். விற்பவருக்கு ஒன்றும் வாங்குபவருக்கு ஒன்றுமாக இரண்டு ஏடுகள் வைத்திருப்பவர்களையும் அதே இடத்தில் கண்டிக்கிறார். பாச்சோலியின் பெயரைக்கூடக் கேட்டிராத என் அப்பா நேராக அந்த இடத்தில் போய் நின்றுவிட்டார். எனக்கு ஆறு ஆண்டுப் படிப்பில் தோன்றாத கேள்வி அது.

ஃபுளோரன்ஸில் எல்லோரும் ஓவியக் கூடத்துக்கு வரிசையில் நின்றபோது எங்களைச் சாந்தா திரினிட்டா தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அதில் பிரான்செஸ்கோ சசெட்டியின் சிற்றாலயம் இருக்கிறது. கிர்லாந்தையோ வரைந்த சுவரோவியங்களில் சசெட்டி மண்டியிட்டு வணங்குகிறார். இவர், ஃபுளோரன்ஸில் செல்வாக்கோடு இருந்த மெதிச்சி குடும்பத்தின் வங்கிக்குப் பொது மேலாளர். 1397இல் தொடங்கிய அந்த வங்கியின் கிளைகள் ஆண்டுதோறும் தலைமையகத்துக்கு ஐந்தொகை அனுப்ப வேண்டும். அவற்றை வரி வரியாகப் பார்த்து, எந்தக் கடன் வராது என்று கேள்வி கேட்பது மேலாளரின் வேலை. சசெட்டியின் காலத்தில் அந்தக் கேள்விகள் தளர்ந்தன. லியோன் கிளையில் வாராக்கடன்கள் நல்ல கடன்களாகவே ஆண்டுக்கு ஆண்டு காட்டப்பட்டன. கடைசியில் வயதான காலத்தில் அவரே லியோனுக்குப் போய் நிலைமையைச் சரிசெய்யப் போராட வேண்டியிருந்தது. மெதிச்சிகள் நகரைவிட்டு விரட்டப்பட்டு வங்கி மூடப்பட்டது 1494இல். பாச்சோலியின் நூல் வெனிஸில் அச்சானதும் அதே ஆண்டுதான். திரும்பி வராது என்று தோன்றும் கடனுக்காக லாபத்திலிருந்து முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் 'வாராக்கடன் ஒதுக்கு' என்ற சரிக்கட்டுப் பதிவை நான் இதுவரை எத்தனை நூறு முறை எழுதியிருப்பேனோ தெரியாது. இப்போது எழுதும்போதெல்லாம் மண்டியிட்ட அந்த வழுக்கைத் தலை மனிதர் நினைவுக்கு வருகிறார்.

வெனிஸில் ஒரே நாள், அதிலும் மழை. நகரின் பழைய வணிகப் பகுதியான ரியால்ட்டோவில் சான் ஜாக்கொமோ தேவாலயத்தின் வெளிச்சுவரில், இந்தக் கோயிலைச் சுற்றி வணிகரின் நீதி நேராகவும் எடை சரியாகவும் இருக்கட்டும் என்று வேண்டும் கல்வெட்டைக் குடை பிடித்துக்கொண்டு பார்த்தோம். அதன் முன் மேசை போட்டிருந்த வங்கியாளர்கள் வாடிக்கையாளர் வாயால் சொன்னதைக் கேட்டு ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு எழுதி மாற்றினார்கள் என்றார்கள். காசு கைமாறாமல் எழுத்து மட்டும் மாறுவதை அங்கே நின்று கேட்டது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் புத்தகத்தில் படித்திருந்தாலும் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிறுவனப் பார்வைகளில் எனக்குப் பயன்பட்ட ஒன்று, பிராட்டோவில் நான்கு பேர் மட்டும் வேலை செய்யும் ஒரு கணக்காளர் அலுவலகம். கம்பளி மறுசுழற்சி செய்யும் சிறு ஆலைகள்தான் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். 2019 ஜனவரி முதல் இத்தாலியில் நிறுவனங்களுக்கிடையிலான விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) அரசின் மின்னணுப் பரிமாற்ற அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பட்டியல் நிராகரிக்கப்பட்டு, ஆலைக்காரர் தொலைபேசியில் கத்தி, அந்த அலுவலகத்துக் கணக்காளர் அம்மையார் பொறுமையாகத் திருத்தி மறுபடி அனுப்பியதை எங்கள் கண்முன்னே பார்த்தோம். நம் நாட்டில் 2020 அக்டோபரில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிய மின்-விலைப்பட்டியலும் இதே மாதிரியானதுதான். பெருஜாவில் ஏட்டுக்குப் போட்ட முத்திரையை இப்போது ஒவ்வொரு பட்டியலுக்கும் போடுகிறார்கள் என்று நான் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, அந்தக் காலத்து அதிகாரி மதியச் சாப்பாட்டுக்காவது போயிருப்பார் என்றார்.

ஆகவே, உங்கள் பயண நிரலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரிய அலுவலகங்களின் பெயர்கள் மட்டும் இருந்தால் தயங்குங்கள். யாராவது ஒருவர் உங்கள் முன் ஒரு ஏட்டையோ கோப்பையோ திறக்கப்போகிறார் என்றால் போங்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எங்கள் ஊரில் நான் கல்விக்கடன் கேட்ட வங்கிக் கிளையில், "டூர் போறதுக்கெல்லாம் லோன் கிடையாது தம்பி" என்று மேலாளர் அந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையான கல்விச் சுற்றுப்பயணமும் அனுமதிக்கப்பட்ட செலவாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. விவசாயிக்கும் மாணவனுக்கும் மட்டும் விதிப்புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு பேசுகிற இந்த வழக்கத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் பதில் இன்னும் நான்கு பக்கம் போகும். அந்தப் பயணம் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதி என்று பல்கலைக்கழகத்திடம் ஒரு கடிதம் வாங்கி, விண்ணப்பத்தோடு முதலிலேயே இணைத்துவிடுங்கள். நான் அதைச் செய்யவில்லை. அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின; மீட்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அசலையும் வட்டியையும் அப்பா தன் வீட்டுச் சிட்டையில் என் பெயரில் பற்று எழுதி, நான் அனுப்பிய ஒவ்வொரு தொகையையும் தேதியோடு வரவு வைத்திருந்தார். அந்தச் சிட்டையிலும் பக்க எண் இருந்தது.