‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்று விற்கும் கேமராவை வாங்கலாமா?

கேள்வி: பிலிம் கேமராவில் படம் எடுத்துப் பழக ஆசை. இணையத்தில் ஒருவர் கேனான் ஏஇ-1 விற்கிறார். ‘பரணில் கிடந்தது, சோதித்துப் பார்க்கவில்லை, உள்ளது உள்ளபடி விற்பனை’ என்று போட்டிருக்கிறார். மற்றவர்கள் சொல்லும் விலையில் பாதிதான். வாங்கிவிடலாமா?

பதில்: விலை ஏன் பாதி என்பதை அவரே எழுதிவிட்டார். இந்தக் கேமராவைச் சோதிக்க பிலிம்கூட வேண்டாம், ஒரு பேட்டரியும் இரண்டு நிமிடமும் போதும். அந்த இரண்டு நிமிடத்தை விற்கிறவர் செலவழிக்கவில்லை என்றால் நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. செலவழித்திருப்பார், ஷட்டர் (பிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரை) அசைந்திருக்காது.

ஏஇ-1 1976-இல் வந்த மாடல். அதன் ஷட்டர் மின்னணுவில் இயங்குவது. 6 வோல்ட் பேட்டரி இல்லாவிட்டால் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அதனால் புது பேட்டரி போட்டு, சத்தத்தோடு ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். வீடியோ வந்தால் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். ‘க்ளாக்’ என்று வறண்ட சத்தம் வந்தால் நல்லது. சளி பிடித்தவர் இழுத்து மூச்சு விடுவதுபோல ‘கீய்ச்’ என்று ஒரு இழுவை சேர்ந்து வந்தால், உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் பல்சக்கரத்தில் எண்ணெய் காய்ந்துவிட்டது. இந்த வரிசைக் கேமராக்களுக்கே உரிய வியாதி அது. தெரிந்தவர் கையில் சரியான இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தீரும். தெரியாதவர் விட்டால் எண்ணெய் ஷட்டர் திரையில் இறங்கும், அப்புறம் கேமரா அலமாரிக்குத்தான்.

நேரில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பின்மூடியைத் திறந்து, ஷட்டர் வேகத்தை 1 நொடியில் வைத்து அழுத்துங்கள். கடிகாரத்தில் ஒரு நொடி ஓடுகிறதா, நடுவில் திணறுகிறதா என்று கவனியுங்கள். பிறகு லென்ஸின் வாயை முழுதாகத் திறந்து, 1/1000-இல் வைத்து, வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி அழுத்தினால் ஒரு மின்னல் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருட்டாகவே இருந்தால் திரைகள் ஒன்றை ஒன்று முந்துகின்றன என்று அர்த்தம். லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நாலு தூசு இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலைபோல இழை ஓடியிருந்தால் அது பூஞ்சை. லென்ஸ் கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கக்கூடும். பின்மூடி விளிம்பில் உள்ள கறுப்பு ஸ்பாஞ்ச் விரலில் தார்போல ஒட்டினால் பயப்பட வேண்டாம். வயதான கேமராவில் அது சகஜம், மாற்றுவதும் எளிது. பேரம் பேச ஒரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் கேமராவாக பென்டாக்ஸ் கே1000 அல்லது நிக்கான் எஃப்எம்2 தேடுவேன். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும், வெளிச்சம் அளக்கும் மீட்டர் மட்டும்தான் தூங்கும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பிலிமை மாட்டி மூடியதும், நெம்புகோலை இழுக்கும்போது இடது பக்கக் குமிழும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். என் முதல் ரோலில் எண் 36-ஐத் தாண்டி 38-க்குப் போனபோதுதான் உறைத்தது: பிலிம் சுருளில் பிடிக்கவே இல்லை. ஒரு கல்யாணம் முழுக்க வெறும் சத்தத்தைத்தான் எடுத்திருக்கிறேன்!

கேள்வி: அப்பாவின் பழைய கேமராவுக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி வேண்டுமாம். அது கிடைக்கவில்லை என்று அதே அளவில் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டேன். நெகட்டிவ் எல்லாம் வெளிறி, படம் இருட்டாக வருகிறது. கேமரா போய்விட்டதா?

பதில்: கேமரா பிழைத்திருக்கிறது, மீட்டர்தான் ஏமாறுகிறது. கூடுதல் வோல்ட்டைப் பார்த்து, இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. நீங்கள் அது சொன்னபடி லென்ஸின் வாயைச் சுருக்கிவிடுகிறீர்கள். பாதரச பேட்டரியை நச்சு என்பதால் நிறுத்திவிட்டார்கள். காது கேட்கும் கருவியில் போடும் 675 எண் துத்தநாக-காற்று பேட்டரி ஏறக்குறைய 1.4 வோல்ட் தரும். விட்டம் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வையுங்கள். ஸ்டிக்கரை உரித்த நாளிலிருந்தே அதன் ஆயுள் குறையத் தொடங்கும்; நாலைந்து ஒன்றாக வாங்கி, உரிக்காமல் வைத்திருங்கள்.

அதுவரை மீட்டரை மறந்துவிடுங்கள். நல்ல வெயிலில் லென்ஸின் வாயை எஃப்/16 அளவில் வைத்து, பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குக் (வெளிச்சத்தை அது எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்று சொல்லும் எண்) கிட்டத்தட்ட உள்ள ஷட்டர் வேகத்தைப் போடுங்கள். 200 பிலிம் என்றால் 1/250. படம் வரும்.

கேள்வி: பெட்டியில் எடுத்து முடித்த கோடாக்ரோம் (கோடாக் நிறுவனத்தின் பழைய கலர் பிலிம்) ரோல் ஒன்று கிடைத்தது. கழுவித் தருவார்களா?

பதில்: கலராக முடியாது. வண்ணம் அந்த பிலிமுக்குள் இல்லை, கழுவும்போதுதான் சேர்ப்பார்கள். அந்த வேலையைச் செய்த கடைசி லேப் 2010 டிசம்பர் வரை வந்த ரோல்களோடு நிறுத்திக்கொண்டது. கறுப்பு வெள்ளையாகக் கழுவித் தருகிற சிலர் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது வீட்டு மனிதர்களின் முகம் என்றால் அதற்கே கொடுத்துவிடுங்கள்.